வீட்டுக் குளத்துக்கு வார இறுதி விருந்தாளிகள்

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே மூன்று கார்கள் வந்து நின்று ஹாரன் அடிக்கின்றன. கேர்டேக்கர் கேட்டைத் திறந்து முடிப்பதற்குள் முதல் காரிலிருந்து இரண்டு பையன்கள் குதித்து, வீட்டை ஏறிட்டும் பார்க்காமல், சுவரை ஒட்டிப் பின்பக்கம் ஓடுகிறார்கள். பெட்டிகள் இறங்குவதற்கு முன்பே தண்ணீரில் தொபீர் என்று சத்தம் கேட்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். “ஒரு மணிக்குத்தான் வரணும்னு பேச்சு. பசங்ககிட்ட அதைச் சொல்ல முடியுமா?” என்கிறார்.

அவர் நிற்பது வீட்டு வாசலில் அல்ல. தோட்டத்து மூலையில் உள்ள ஒற்றை அறையில், ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தபடி நிற்கிறார். நாளைக் காலை 11 மணி வரை அவருக்கும் அவர் மனைவிக்கும் இந்த அறைதான் வீடு. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, சாமி படங்கள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு படுக்கையறைகள் கொண்ட அவர்களுடைய சொந்த பங்களா இருபது கஜம் தள்ளி நிற்கிறது. அதில் இப்போது மும்பையிலிருந்து வந்த 14 பேர்.

லோனாவாலாவில் இது அதிசயமில்லை. மும்பையிலிருந்து ரயிலில் வந்தால் கர்ஜத்தைத் தாண்டியதும் போர் காட் ஏற்றம். 1863-ல் திறந்த மலைப்பாதை. சுரங்கத்துக்குச் சுரங்கம் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வர, ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 620 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. காரில் வருபவர்களுக்கு 2002-ல் முழுமை பெற்ற எக்ஸ்பிரஸ்வே இருக்கிறது. நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். நெரிசல் இல்லாத சனிக்கிழமையை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊர் இது, சென்னையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை நின்ற மாதங்களிலும் கூட்டம் குறைவதில்லை. கடலை மிட்டாயின் மராட்டிய அவதாரமான சிக்கியை டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டு ஞாயிறு மாலை மும்பையும் புனேயும் திரும்பிப் போகின்றன.

தண்ணீரை வைத்துக் காசு பண்ணுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. டாடா நிறுவனம் வால்வண் முதலிய ஏரிகளில் இந்த மழையைத் தேக்கி, மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் வழியே இறக்கி, அடிவாரத்துக் கோபோலியில் 1915-லிருந்து மின்சாரம் எடுத்தது. பம்பாயின் பஞ்சாலைகள் அதில் ஓடின. அதற்கும் முன்னால் போனால், ஊருக்குக் கிழக்கே உள்ள பாஜா குகைகளில், துறவிகளுக்காகப் பாறையில் குடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மேல், இது ஒரு மகாரதியின் தானம் என்று பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. அப்போது தானம். இப்போது சனிக்கிழமை இரவுக்கு 22,000 ரூபாய்.

பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இளைஞர்கள் சாவிக்கொத்தை ஆட்டியபடி, வேகம் குறைகிற ஒவ்வொரு காரையும் பார்த்து “பங்களா, பங்களா” என்கிறார்கள். முன்பெல்லாம் வருகிறவர்கள் சமையலுக்கு ஆள் உண்டா, பள்ளத்தாக்கு தெரியுமா என்று கேட்பார்களாம். இப்போது கார்க் கண்ணாடி பாதி இறங்குவதற்குள் வருகிற கேள்வி ஒன்றுதான்: பூல் இருக்கா?

அமெரிக்காவில் இதை இன்னும் நறுக்காகச் செய்கிறார்கள். 2018-ல் தொடங்கிய ஸ்விம்ப்ளி என்ற நிறுவனத்தின் மூலம் வீட்டுக் குளத்தை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். முன்பின் தெரியாத குடும்பம் கொல்லைப்புறமாக வந்து, இரண்டு மணி நேரம் குளித்துவிட்டு, வீட்டுக்குள் தலை காட்டாமல் போய்விடும். கொரோனாக் காலத்தில் பொதுக் குளங்கள் மூடிக் கிடந்தபோது அந்த வியாபாரம் பிடித்துக்கொண்டது. நம் ஊர் வழக்கம் அப்படியில்லை. இங்கே குளத்துக்காக வருகிறார்கள், ஆனால் வீடு, சமையலறை, தோட்டம், ஊஞ்சல் எல்லாம் சேர்ந்துதான் கைமாறுகிறது. சொந்தக்காரர்தான் கொல்லைப்புறம் போகிறார்.

நான் தங்கிய வீட்டின் தம்பதி இந்தக் குளத்தைக் கேட்டு வாங்கவில்லை. மும்பை செம்பூரில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்கள். கணவர் ரசாயனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 69. சேமிப்பையெல்லாம் போட்டு மலைக்காற்றுக்காக ஒரு வீடு தேடியபோது, கட்டித் தந்தவர் வரைபடத்தில் நீல நிறத்தில் ஒரு செவ்வகத்தைக் காட்டினார். பிற்பாடு விற்றால் நல்ல விலை போகும் என்றார். “வேண்டாம்னு சொல்ல இவருக்கு வாய் வரலை” என்கிறார் மனைவி. “எனக்கும்தான். பூல் வெச்ச வீடுன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்கலாமேன்னு ஒரு ஆசை.”

ஆசைக்கு அப்புறம் வந்தது கணக்கு. குளம் 30 அடி நீளம், 15 அடி அகலம். ஆழம் ஒரு முனையில் மூன்றடி, மறுமுனையில் ஐந்தடி. கொள்ளளவு சுமார் 51,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கரில் ஐந்து லோடு. யாரும் கால் வைக்காவிட்டாலும் மே மாத வெயிலில் தினம் 200 லிட்டர் போலத் தண்ணீர் ஆவியாகப் போகிறது. ஒன்றரைக் குதிரைசக்தி பம்பு தினம் எட்டு மணி நேரம் ஓடி மணல் ஃபில்டர் வழியாகத் தண்ணீரைச் சுழற்ற வேண்டும். அது கிட்டத்தட்ட 10 யூனிட். ஃபில்டரைத் திருப்பிக் கழுவும் ஒவ்வொரு முறையும் 500, 600 லிட்டர் சாக்கடைக்கு. ஒரு வாரம் சும்மா விட்டால் பாசி. இரண்டு வாரம் விட்டால் கொசு. தண்ணீரை இறைத்துக் காலியாக வைத்துவிடலாமே என்று கேட்டேன். பொறியாளர் சிரித்தார். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அடியிலிருந்து முட்டும். மேலே தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால் தொட்டியே தூக்கிக்கொண்டு விரிசல் விட்டுவிடும். “யானையைக் கட்டித் தீனி போடறதுன்னு சொல்லுவாங்களே, அந்த யானை காலியாக்கூட இருக்க மாட்டேங்குது சார்.”

அந்த யானையை வேலைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்து ஏழு வருடமாகிறது. அவர் எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். சென்ற மாதம் நான்கு சனிக்கிழமை, தலா 22,000. வார நாட்களில் இரண்டு இரவு, தலா 10,000. மொத்தம் 1,08,000. ஏஜெண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து, 16,200. கேர்டேக்கர் குடும்பத்துக்கு 20,000. குளத்துக்கு 14,000. மின்சாரம் 11,000. சலவை, கேஸ், துப்புரவு 7,000. உடைந்தவற்றுக்கு 5,000. மிச்சம் 34,800. அவருடைய பென்ஷனும் ஏறத்தாழ இதே அளவுதான். பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சைக் காலம் வந்தால் இந்த வருமானம் பாதிக்கும் கீழே போகும். ஜூன் பிறந்து முதல் மழை விழுந்ததும், மழையில் நனைந்துகொண்டே நீச்சல் குளத்தில் நிற்பதற்கு ஆட்கள் வரிசையில் வருவார்கள்.

அந்த “உடைந்தவற்றுக்கு” என்ற தலைப்பைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். கண்ணாடித் தம்ளர்கள், ஊஞ்சல் சங்கிலி, ஒரு முறை கழிப்பறைக் கதவு. ஆனால் அவர் உண்மையிலேயே அஞ்சுவது மஞ்சளுக்கு. கல்யாணத்துக்கு முன்தினம் மணமக்களுக்கு மஞ்சள் பூசும் வடநாட்டுச் சடங்கு இப்போது நீச்சல் குளக் கரையில்தான் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது, படம் நன்றாக வருகிறதாம். எண்ணெயில் குழைத்த மஞ்சளோடு முப்பது பேர் குளத்தில் குதித்தார்கள். 51,000 லிட்டரும் பருப்பு ரசம் நிறத்துக்கு வந்தது. ஃபில்டர் மணலை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வார வாடகை முழுக்க மணலுக்கே சரி.

சுவரில் ஒரு விதிப் பலகை இருக்கிறது. குளிக்கும் முன் ஷவர், கரையில் கண்ணாடிப் பாட்டில் கூடாது, இரவு எட்டுக்கு மேல் குளம் மூடப்படும், பத்துக்கு மேல் பாட்டு கூடாது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருப்பதால் மூன்று மொழிகளிலும் அதை மீறுகிறார்கள். ஷவர் விதியை யாருமே பொருட்படுத்துவதில்லை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை அடித்தால் படு சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொறியாளர் அதைக் கேட்டாலே கோபப்படுகிறார். அந்த வாடை நல்ல குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருமாறிய குளோரினுடையது. வாடை ஏற ஏற, குளத்தில் யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவருடைய பெரிய தகராறு ஏஜெண்டோடு. சனிக்கிழமைக் கூட்டம் ஞாயிறு 11 மணிக்குப் போனால், ஒரு மணிக்கே அடுத்த கூட்டத்தை ஏற்றலாம் என்கிறார் ஏஜெண்டு. நடுவில் இரண்டு மணி நேரம். பெருக்கித் துடைத்து, மெத்தை விரிப்பு மாற்ற அது போதும். தண்ணீருக்குப் போதாது. பதினான்கு பேர் ஊறிய தண்ணீரில் குளோரினை உயர்த்திவிட்டு, பம்பை ஓட விட்டு, அது மறுபடி குளிக்கத் தகுந்த அளவுக்கு இறங்கும் வரை பொறுக்க வேண்டும். குறைந்தது ஓர் இரவாவது வேண்டும் என்பது இவர் கணக்கு. அதனால் ஞாயிறு பகலுக்கு இவர் ஆள் சேர்ப்பதில்லை. மாதம் நான்கு பிக்னிக் கூட்டங்களின் காசு போகிறது. பக்கத்து வீடுகளில் சேர்க்கிறார்கள். தண்ணீர் நீலமாகத்தான் தெரிகிறது. “தரையில ஒட்டின டைல் நீலம் சார், தண்ணி இல்லை” என்கிறார்.

இத்தனையும் தண்ணீரின் சுத்தம் பற்றிய கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று, மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மதியம் அவர்களுக்குப் புரிந்தது. அதை மனைவிதான் சொன்னார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிற்பகல் இரண்டரை மணி. விருந்தாளிகள் எல்லோரும் வரவேற்பறையில் சாப்பாட்டில் இருந்தார்கள். குளம் காலி. கேர்டேக்கர் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவர், தண்ணீரில் மஞ்சள் துண்டு ஒன்று மிதப்பதாக நினைத்து, இலை அள்ளும் வலைக்கம்பை எடுத்தார். அது கவுன். நான்கு வயதுப் பெண் குழந்தை. சத்தம் இல்லை, கையைக் காலை உதைக்கவில்லை. தட்டுகளைப் போட்டுவிட்டு இறங்கினார். குழந்தை குளத்தின் நடுவில் இருந்தாள். அவருக்கு அங்கே மார்பளவு. இன்னும் ஆறடி தள்ளிப் போயிருந்தால் அவருக்கே மூக்கு முட்டியிருக்கும், அவர் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்தான். தூக்கி வந்து கரையில் போட்டார்கள். வந்திருந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தது அந்தக் குடும்பத்தின் பாக்கியம். குழந்தை இருமி, வாந்தி எடுத்து, அழுதாள். “அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை” என்றார் அந்த அம்மாள்.

அன்று இரவுதான் கேர்டேக்கர் இன்னொரு விஷயம் சொன்னார். அவருக்கு நீச்சல் தெரியாது. நான்கு வருடமாக இந்தக் குளத்துக்கு ஒரே காவல் அவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தாராம். மாவல் தாலுகாவில் மலைமேல் உள்ள ஒரு வாடியிலிருந்து வந்தவர். ஊரெல்லாம் மழை கொட்டினாலும் தண்ணீர் சரிவில் இறங்கி ஓடிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அவர் ஊர்ப் பெண்கள் வற்றிய கிணற்றின் அடியில் சொம்பால் மொண்டு குடம் நிரப்புவார்கள். நீச்சல் கற்க அங்கே எது தண்ணீர்?

எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. 2022 ஜூலையில் இதே லோனாவாலாவில், வாடகைக்கு எடுத்த பங்களாவின் நீச்சல் குளத்தில் விழுந்து, நாசிக்கிலிருந்து குடும்பத்தோடு வந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. 2024 ஜூன் 30-ம் தேதி பூஷி அணைக்கு அருகே அருவி வெள்ளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டதை நாடே வீடியோவில் பார்த்தது. மாவட்ட நிர்வாகம் அருவிகளுக்கும் அணைகளுக்கும் மழைக்காலத் தடை உத்தரவுகள் போட்டது. அருவி ஆபத்து, பங்களாவிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் அதற்குப் பிறகு கூடியிருக்கிறார்கள் என்கிறார் பொறியாளர். அருவியைப் பார்த்தால் பயம் வரும். டைல்ஸ் ஒட்டிய மூன்றடித் தண்ணீரைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், சொந்த வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைப்பதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஒன்று உண்டு. ஆறு அறைகள் வரை விடலாம், சொந்தக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்தத் தம்பதி மூலை அறையிலாவது இருக்கிறார்கள். ஆனால் லோனாவாலாவின் பங்களாச் சொந்தக்காரர்களில் ஏராளமானோர் இருப்பது மும்பையில். மாதக் கடைசியில் பணம் போய்ச் சேர்கிறது. வீட்டுக் குளத்தில் வாராவாரம் புதுப்புது ஆட்கள் இறங்கும்போது அது வீட்டுக் குளமா, பொதுக் குளமா? அமெரிக்காவில் சில ஊர் நிர்வாகங்கள் இதே கேள்வியை எழுப்பி, பொதுக் குளத்துக்கு உரிய உரிமம் எங்கே என்று கேட்டன. இங்கே அந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் சொல்கிறவர், சம்பளத்துக்குத் தட்டு கழுவும் ஒருவர்.

டிசம்பருக்குப் பிறகு குளத்தைச் சுற்றி நான்கரை அடி உயரக் கம்பி வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் வந்தன. தாழ்ப்பாள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில். ஒரு மிதவை வளையம் கொக்கியில் தொங்குகிறது. குழந்தைகள் வந்தால் தண்ணீரருகே ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்து. “வேலி போட்டதும் ஏஜெண்டு கோவிச்சுக்கிட்டான், படத்துல ஜெயில் மாதிரி தெரியுதுன்னு. ரெண்டு மாசம் ஆளே அனுப்பலை” என்றார் மனைவி. தொழிலையே விட்டுவிடலாம் என்று இருவரும் பேசினார்கள். நோட்டைப் பிரித்தார்கள். மூடினார்கள். விடவில்லை. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு எட்டு மணிக்கு கேர்டேக்கர் வேலிக் கதவைப் பூட்டினார். ஒன்பதரைக்கு இரண்டு இளைஞர்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். பொறியாளர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். திட்டவில்லை. ஒரு தாத்தா பார்த்துக்கொண்டே நிற்கும்போது பீர் குடித்துக்கொண்டு நீந்துவது சுகப்படவில்லை போலிருக்கிறது, பத்து நிமிடத்தில் ஏறிப் போனார்கள். ஞாயிறு பதினொன்றேகாலுக்கு மூன்று கார்களும் கிளம்பின. குளத்தின் அடியில் ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு ஸ்பூன், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. தம்பதி தங்கள் வீட்டுக்குள் போய், சோபாவை அதன் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள்.

திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்குப் பொறியாளர் அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே கேர்டேக்கர். இவர் சிறுவயதில் குளித்தலையில் காவிரியில் நீந்தப் பழகியவர், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி. இங்கே சுரைக்குடுக்கைக்குப் பதில் அவருடைய உள்ளங்கை. அதைக் கேர்டேக்கரின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, “மூச்சை விடு, விடு” என்று இந்தியில் அதட்டுகிறார். “காகா, கையை எடுக்காதீங்க” என்று அவர் மராத்தியில் கெஞ்சுகிறார். வேலையாட்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்று ஏஜெண்டு எழுதிக் கொடுத்த விதியை அந்த டிசம்பரிலேயே இவர் அடித்துவிட்டார். கேர்டேக்கரின் எட்டு வயது மகள் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, காகூவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு அடுத்த முறை.

கை விலகிய பிறகு அவர் ஏழடி போனார். நான்கு வாரத்துக்கு முன் மூன்றடி. இருமிக்கொண்டே கரையைப் பிடித்து ஏறி, தலையைத் துவட்டி, சட்டை மாட்டி, சோதனைக் குப்பியில் தண்ணீர் மொண்டு இரண்டு சொட்டு மருந்து விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருந்தது. குளோரின் டப்பாவை எடுக்கப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு லோடு டேங்கர் வரச் சொல்லியிருக்கிறது.